ஃபுல் ஆட்டோமேட்டிக்

“ஏங்க, கிச்சன்ல தண்ணி ஒழுகுது,” என்றாள் பார்கவி.

“ஒழுகட்டும் விடு. இங்க காத்து உறிஞ்சுது பாரு!” என்றான் நிர்மல்.

உறிஞ்சியது உண்மைதான். பூனா வாகட்டில் அவர்கள் குடியிருக்கும் எட்டாவது மாடி ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்ற மிஷினுக்கு மூக்கு மாதிரி ஒரு குழாய் இருந்தது. அந்த மூக்கிலிருந்து பம்புக்குப் போக வேண்டிய டியூப், பெட்டியில் வந்ததில் ஒரு சாண் குறைந்தது. நிர்மல் வீடெல்லாம் தேடினான். குடிதண்ணீர் ஃபில்டருக்குப் பின்னால் அதே பருமனில், அதே வெள்ளை நிறத்தில் ஒரு டியூப் போவதைக் கண்டான். கண்டதும் வெட்டினான். வெட்டுவதற்கு முன்னால் குழாயை மூட வேண்டும் என்பது வெட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

“குடிக்கற தண்ணிக்கு என்னங்க பண்றது?”

“சாயங்காலம் வரைக்கும் மோர் குடி.”

அந்த மிஷினுக்குப் பெயர் பிக் அண்ட் பிளேஸ். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். செய்யும் வேலை என்னவோ பொறுக்கி வைப்பதுதான். எலெக்ட்ரானிக் போர்டுகளின் மேல் கடுகில் பாதி அளவுக்கு ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்று பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அவற்றை ஒவ்வொன்றாக மூக்கால் உறிஞ்சி எடுத்து, கேமராவால் இடம் பார்த்து, ஈயப் பசை தடவிய போர்டில் வைக்கும். பெரிய ஃபேக்டரிகளில் ஒரு அறை அளவுக்கு இருக்கும். நிர்மல் வாங்கியது மேஜைமேல் வைக்கிற குட்டி. அதுவும் முழுசாக வரவில்லை. சட்டம் தனி, மோட்டார் தனி, திருகுகள் பொட்டலம் பொட்டலமாகத் தனி என்று, நாமே கோத்துக்கொள்ள வேண்டிய கிட்டாக வந்தது.

“கோயமுத்தூர்க்காரனுக்கு மிஷின் கோக்கறதுக்குச் சொல்லித் தரணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் போட்டான்.

பீளமேட்டில் பிறந்தவன் என்பது வாஸ்தவம். ஆனால் அவன் அப்பா வரலாற்று வாத்தியார். பெரியப்பா ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர். பரம்பரையிலேயே ஸ்க்ரூடிரைவரைத் தொட்டவர் கிடையாது. இருந்தாலும் சிறுவாணித் தண்ணீர் குடித்த உடம்புக்கு மோட்டார் தானாகப் பணியும் என்று நிர்மல் நம்பினான். நம்பி வாங்கிய கிட், மூன்று மாதமாகப் பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே படுத்திருந்தது.

இப்போது அதை எழுப்பியே ஆக வேண்டிய நெருக்கடி. ஹிஞ்சவடியில் பார்த்துக்கொண்டிருந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்து தரும் தொழிலில் இறங்கியிருந்தான். இறங்கியவன் இறங்கியபடியே இருந்தான். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. பார்கவி நிக்டியில் பேங்க் ஆபீசர். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் போன வாரம் உட்கார வைத்துப் பேசிவிட்டாள்.

“இந்த ஆர்டர் வந்தா நீங்க தொழிலைப் பாருங்க. வரலைன்னா திங்கக்கிழமை பழைய கம்பெனிக்கே போயிருங்க. சரிங்களா?”

பழைய கம்பெனி கூப்பிடத்தான் செய்தது. ஆனால் அங்கே இப்போது மேனேஜர் ஹரிபிரசாத். அந்த ஹரிபிரசாத்தை வேலைக்கு எடுத்ததே நிர்மல்தான். லாப்டாப்பில் வார்த்தைக்கு அடியில் கோடு போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அவனைப் போய் இனி “குட் மார்னிங் சார்” என்று கும்பிடுவதா?

வரப்போகிற ஆர்டர், போசரியில் கம்பெனி வைத்திருக்கும் நிம்பாள்கர் என்பவருடையது. நிர்மல் அனுப்பிய சாம்பிள் போர்டைப் பார்த்துவிட்டு அவரே புதன்கிழமை போன் செய்தார்.

“ரொம்ப நேர்த்தியா இருக்கு. இதை யார்…” என்று இந்தியில் ஆரம்பித்தார்.

“மிஷின் சார்!” என்று நிர்மல் முந்திக்கொண்டான். “ஃபுல் ஆட்டோமேட்டிக்!”

அந்தப் பக்கம் குரல் இறங்கிப்போயிற்று.

“மிஷினா? பார்த்தா அப்படித் தெரியலையே,” என்றார் நிம்பாள்கர். “சனிக்கிழமை சாயங்காலம் நேர்ல வந்து பார்க்கறேன்.”

மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நிர்மலுக்குப் புரிந்தது. சந்தேகமும் நியாயமானதுதான். அந்தச் சாம்பிளை வைத்தது எந்த மிஷினும் இல்லை, பார்கவி. முதலில் நிர்மல்தான் உட்கார்ந்தான். பத்து ரெசிஸ்டர் வைத்து முடித்தபோது ஒரு தும்மல் தும்மினான். பத்தும் சோபாவுக்கு அடியில் போயிற்று. “தள்ளுங்க அக்கட்டால,” என்று பார்கவி இடுக்கியை வாங்கிக்கொண்டாள். வாகட் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம், வளைகாப்பு என்றால் ஆரத்தித் தட்டுக்குக் கல்லும் முத்தும் ஒட்டி அலங்காரம் செய்து தருவது அவள்தான். சீரியல் பார்த்துக்கொண்டே இரண்டு போர்டை முடித்துக் கொடுத்தாள்.

“இதையே சொல்லுங்களேன், கையில வெச்சதுன்னு,” என்றாள் அப்போது.

“ஏம்மா, கிச்சன்ல உக்காந்து புருவம் திருத்தற இடுக்கியில வெச்சோம்னா எவன் கம்பெனின்னு மதிப்பான்?”

அதனால்தான் சனிக்கிழமை காலையில் தண்ணீர் ஃபில்டர் உயிரை விட்டது.

சரி, உறிஞ்சல் வந்தாயிற்று. நிர்மல் லாப்டாப்பில் பொத்தானைத் தட்டினான். மிஷினின் தலை நகர்ந்தது. ரெசிஸ்டர் நாடா சுற்றிய ரீலிலிருந்து முதல் ஒன்றைப் பக்குவமாக எடுத்தது. புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தலை கம்பீரமாகப் போர்டை நோக்கிப் போய், போர்டைத் தாண்டி, ஓரத்து இரும்புச் சட்டத்தில் ரெசிஸ்டரை வைத்துவிட்டுத் திரும்பியது. அடுத்ததையும் அங்கேதான் வைத்தது. அதற்கடுத்ததையும்.

“அங்க என்ன எழவு இருக்குது?” என்று நிர்மல் குனிந்து பார்த்தான்.

வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

விஷயம் இதுதான். போர்டின் மூலையில் வட்டமாக ஒரு அடையாளப் புள்ளி இருக்கும். கேமரா அதைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்துதான் மற்ற இடங்களை அளந்துகொள்ளும். காலையில் பார்கவி பூஜை போட்டு வைத்த பொட்டு, போர்டிலிருந்த புள்ளியைவிடப் பெரியது, வட்டமானது, பளிச்சென்றது. மிஷினுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று.

“பொட்டு வெக்காம யாராவது புது மிஷினை ஓட்டுவாங்களா? நம்மூர்ல லேத்துக்கே வெக்கறாங்க!”

“லேத்துக்குக் கண்ணு இல்லை பார்கவி!”

ஈரத்துணியால் துடைத்தான். சந்தனம் காய்ந்து இரும்போடு உறவு கொண்டாடியது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தான். பொட்டு போயிற்று. எண்ணெய், தலையை இழுக்கும் பெல்ட்டுக்குப் போயிற்று. பெல்ட் வழுக்க ஆரம்பித்ததும், மிஷினின் தலை பண்டிகைச் சந்தை முடிந்து வீட்டுக்குப் போகும் குடிகாரனைப் போல நாலடி முன்னால், ரெண்டடி பின்னால் என்று நடந்தது.

“முகப் பவுடர் குடு,” என்றான் நிர்மல்.

“எதுக்குங்க?”

“எண்ணெயை இழுத்துக்கும். கேரம் போர்டுக்குப் போடறதில்லையா?”

கேரம் போர்டுக்கு மூக்கு இல்லை என்பதை அவன் யோசிக்கவில்லை. பெல்ட்டில் கொட்டிய பவுடரை மிஷினின் மூக்கு ஆசையாக உறிஞ்சியது. பம்பு ஒரு தடவை இருமியது. பிறகு அதன் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி, கேமராமேல் படிந்தது. நிர்மல் அவசரமாகக் கையில் இருந்த துணியால் கேமராவைத் துடைத்தான். அது குங்குமம் துடைத்த துணி. லாப்டாப் திரையில் பார்த்தால், போர்டு, ரீல், மேஜை எல்லாம் ஒரே செக்கச்செவேல் என்று இருந்தது.

நிர்மல் நாற்காலியில் சாய்ந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அவனுக்கோ கூடத்தைக் குறை சொல்லவும் தெம்பில்லை.

“பார்கவி, நான் கோயமுத்தூர்க்காரனே இல்லை,” என்றான்.

அவன் குரலைக் கேட்டதும் பார்கவிக்கு மனசு கரைந்துவிட்டது. ஃபில்டரை வெட்டிய கோபம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டாள்.

“கம்முனு இருங்க. அழுதா வேலை ஆகுமா? நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மிஷின் சும்மா ஆடினாப் போதுமா?”

“ஆடும். கேமராவை நிறுத்திட்டா மனப்பாடமா ஆடும். ஆனா ஒண்ணும் எடுக்காது.”

“ஆடட்டும். நான் கிச்சன்ல உக்காந்து கையில வெச்சு, ஈயம் உருகி ஒட்டறதுக்கு நம்ம கேக் ஓவன்ல போட்டு எடுத்துடறேன். நீங்க அங்க மூடி வெச்ச போர்டை ஓவன்ல வெக்கற மாதிரி உள்ள கொண்டாங்க. மாத்திக்கலாம்.”

“பொய் சொல்றதா?”

“புதன்கிழமையிலருந்து என்னத்தைச் சொல்லிட்டு இருக்கறீங்க?”

சொன்ன நேரத்துக்கு நிம்பாள்கர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, குங்குமப் பொட்டு, சாந்தமான முகம். கூடவே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். “இது ஜெனிபர். எங்க புரொடக்‌ஷன் பூரா இவங்க கையிலதான்,” என்று அறிமுகப்படுத்தினார். ஜெனிபர் என்றதும் கோவாக்காரி என்று நிர்மல் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணும் வாயைத் திறக்காமல் ஒரு புன்னகையோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

நிர்மல் கிச்சன் பக்கம் திரும்பி, வீட்டில் சாதாரணமாகப் பேசுகிற சத்தத்திலேயே சொன்னான்: “பார்கவி, வந்துட்டாங்க. ஆரம்பிச்சுக்கோ.”

பூனாவில் இருக்கிற தமிழனுக்கு இது ஒரு பெரிய சௌகரியம். பஸ்ஸில், கடையில், பேங்க் வரிசையில், எதிரே நிற்பவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகவே பேசிக்கொள்ளலாம். நிர்மலும் பார்கவியும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிப் பேசிப் பேசி, ரகசியம் பேசுவதற்குக் குரலைத் தணிக்க வேண்டும் என்பதையே மறந்திருந்தார்கள்.

நிர்மல் பொத்தானைத் தட்டினான். மிஷின் ஆடியது. அப்பப்பா, என்ன ஆட்டம்! இடம், வலம், மேலே, கீழே, ஒரு பிசகு இல்லை. காலி ரீலிலிருந்து காற்றை எடுத்து, போர்டில் காற்றை வைத்தது. எடுப்பது காற்றைத்தான் என்பது தெரியாமலிருக்க நிர்மல் குறுக்கே நின்றுகொண்டான்.

நிம்பாள்கரைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஓ. அப்போ நிஜமாவே மிஷின்தானா?” என்றார்.

“ஃபுல் ஆட்டோமேட்டிக் சார். மனுஷக் கையே படாது!”

“அச்சா,” என்று பெருமூச்சு விட்டார்.

கண்டுபிடித்துவிட்டாரோ? நிர்மல் கிச்சனைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “பார்கவி, எவ்வளவு ஆச்சு? இந்த ஆளு மூஞ்சியே சரியில்லை!”

“பாதிதாங்க ஆச்சு. பெரிய ஐசி சிப் இன்னும் வெக்கலை. சித்த இழுங்க.”

“என்னத்தை இழுக்கறது? மிஷினு வெறுங்காத்தை வெச்சுட்டு இருக்குது!”

“டீ குடுங்க. பாக்கர்வடி இருக்குது, அதையும் குடுங்க.”

நிம்பாள்கர் மரியாதையாகக் கேட்டார், “என்ன சொல்றாங்க வீட்டுல?”

“டீக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேக்கறாங்க சார்.”

ஜெனிபருக்கு அப்போது ஏனோ இருமல் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினாள். ஃபில்டரின் கதிதான் தெரியுமே. நிர்மல் ஓடிப்போய் மோர் கொண்டுவந்தான். டீக்கு முன்னால் மோர் கொடுக்கும் வீட்டை அவள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தாள்.

டீயும், எள்ளுப் போட்டுச் சுருட்டிப் பொரித்த பாக்கர்வடியும் வந்தன. நிம்பாள்கர் தட்டோடு மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கடித்தார். பாக்கர்வடியிலிருந்து ஒரே ஒரு எள் உதிர்ந்து, சொல்லிவைத்த மாதிரி ரீலுக்குப் பக்கத்தில், மூக்கு இறங்கும் இடத்தில் விழுந்தது.

மூக்கு இறங்கியது. எள்ளை எடுத்தது. காலையிலிருந்து ஒரு ரெசிஸ்டரைக்கூட உருப்படியாக வைக்காத அந்த மிஷின், எள்ளைப் பத்திரமாகக் கொண்டுபோய், போர்டின் நட்டநடுவில், ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில், துளி கோணல் இல்லாமல் வைத்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“அது எள்ளுதானே?” என்றார் நிம்பாள்கர். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். கண்கள் விரிந்தன. “இந்த மிஷின் தப்பும் பண்ணுமா?”

நக்கல் பண்ணுகிறார் என்று நிர்மல் நினைத்தான்.

“இல்லவே இல்லை சார்! இது டெஸ்ட் சார்! எந்தச் சின்னப் பொருளைக் கொடுத்தாலும் வைக்கும்னு காட்டறதுக்காக… தப்பே பண்ணாது சார், எங்க அம்மா சத்தியமா!”

வெளிச்சம் அணைந்துபோயிற்று. “அச்சா, அச்சா,” என்றார் அவர்.

“பார்கவி, மானம் போகுது! எள்ளை வெச்சுருச்சு இது!”

“எள்ளையா? அட, எங்க, எப்புடிங்க?”

“அதையெல்லாம் அப்பறம் சொல்றேன். நீ முடிச்சியா இல்லையா?”

“ஓவன்ல வெச்சாச்சு. கொண்டாங்க அந்த எள்ளுப் போர்டை!”

நிர்மல் மிஷினை நிறுத்தினான். எள் வைத்த போர்டைத் தட்டில் வைத்து, இட்லிப் பாத்திர மூடியால் மூடினான். “தூசி படக்கூடாது சார்,” என்று விளக்கம் சொல்லிக்கொண்டே கிச்சனுக்குள் போனான். உள்ளே பார்கவி நெற்றியில் கட்டிய பூதக்கண்ணாடியும் கையில் இடுக்கியுமாக, ஓவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

“கை நடுங்குச்சா?” என்றான்.

“உங்க சத்தத்துலதான் ரெண்டு தடவை நடுங்குச்சு. ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, எனக்கு இது பிடிச்சிருக்குங்க. பேங்க்ல உக்காந்து கையெழுத்துப் போடறதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

அந்த நெருக்கடியிலும் நிர்மலுக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இவளுக்காகவாவது இந்த ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று மருதமலை முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டான்.

சூடு ஆறியதும் போர்டு ஹாலுக்கு வந்தது. நிம்பாள்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். ஜெனிபரிடம் கொடுத்தார். அவளும் பார்த்துவிட்டு, அவர் காதருகே மராத்தியில் ஏதோ நீளமாக முணுமுணுத்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு போர்டை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, எழுந்து கைகூப்பினார்.

“மிஷின் ரொம்ப நல்ல மிஷின்,” என்றார். “ஆனா எனக்கு மிஷின் வேலை வேண்டாம், நிர்மல்ஜி. வரேன்.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டைப் பார்த்துப் போய்விட்டார்.

நிர்மல் நின்ற இடத்திலேயே நின்றான். கிச்சன் கதவைத் திறந்துகொண்டு பார்கவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“போச்சு பார்கவி. எல்லாம் போச்சு. கண்டுபிடிச்சுட்டாரு. திங்கக்கிழமை அந்த ஹரிபிரசாத்துக்குக் கும்பிடு போடறதுதான் என்ற தலையெழுத்து.” அவன் மிஷினின் ஒயரைப் பிடுங்கிப் போட்டான். “உன்ற கை வேலைன்னு ஒத்துக்கறதுக்கு வெக்கப்பட்டு, ஒண்ணுக்கும் ஆகாத இந்த இரும்பை ஆடவிட்டேன் பாரு, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.”

“விடுங்க. போனாப் போகுது. வாங்க, முதல்ல அந்த ஃபில்டரைச் சரி பண்ணலாம்,” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த ஜெனிபர் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணா, நான் இங்கயே கடக்கில பொறந்த தமிழுதான். நீங்க பேசினதெல்லாம் அப்பவே எங்க சாப் காதுல சொல்லிட்டேன், நீங்களா ஒத்துக்கறீங்களான்னு பாக்கத்தான் அவரு வெளிய போனாரு. இந்த மாதிரி மிஷின் எங்க கம்பெனிலயே மூணு பந்த் பண்ணி மூடி வெச்சிருக்கு, தினம் வேற வேற போர்டு வருது, ஒவ்வொண்ணுக்கும் மிஷினை மாத்தி செட் பண்ணி முடியலை, அதுக்கு கையில வைக்கிற ஆளைத்தான் சாப் பூனா பூரா தேடறாரு. அழுதது போதும், அந்த அக்காவை வெளிய வரச் சொல்லுங்க, சாப் லிஃப்டைப் பிடிச்சுட்டு நிக்கறாரு!”